வாடகை நிலுவைக்காக வீட்டு உரிமையாளர் வழக்குப் போட்டிருக்கிறார்: விசாரணைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கடலோடி:

வணக்கம். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடொன்றில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் சில வருடங்களாகக் குடியிருக்கிறேன். மாத வாடகை 1,450 பவுண். வேலைத்தலத்தில் எனக்குத் தரும் மணித்தியாலங்களைப் பாதியாகக் குறைத்ததிலிருந்து வாடகை பின்தங்கத் தொடங்கியது. குறைந்த வருமானமுள்ளோருக்கு அரசு தரும் உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்து முதல் கொடுப்பனவு கைக்கு வருவதற்குள் நிலுவை பெருகிவிட்டது. இப்போது வேலை ஓரளவு வழமைக்குத் திரும்பியிருப்பதால் நடப்பு வாடகையை அந்தந்த மாதமே கட்டி வருகிறேன். பழைய நிலுவையை ஒரே தடவையில் அடைக்கத்தான் வழியில்லை.

வீட்டு உரிமையாளர் எங்கள் ஊர்க்காரர். 2026 மே மாதத்துக்குப் பிறகு வீட்டைத் திரும்பக் கேட்கும் பிரிவு 8 அறிவித்தல் ஒன்றைத் தந்தார். வீட்டைத் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் இலக்கமிட்டுத் தந்துள்ள காரணங்களில் 8, 10, 11 ஆகிய மூன்றும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அறிவித்தல் காலம் முடிந்ததும் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து தடித்த உறையொன்று வந்திருக்கிறது. என்-5, என்-119 என்று இலக்கமிட்ட படிவங்களும், நான் நிரப்பி அனுப்ப வேண்டிய என்-11ஆர் படிவமும், வாடகைக் கணக்கு அட்டவணையொன்றும் உள்ளே இருக்கின்றன. அட்டவணையின்படி அறிவித்தல் தந்த நாளில் நிலுவை 4,610 பவுண். விசாரணை அடுத்த மாதம்.

அட்டவணையில் எனக்குப் பிடிபடாத இரண்டு விடயங்கள் உள்ளன. "நினைவூட்டல் கடிதக் கட்டணம்" என்று தலா 35 பவுண் நான்கு தடவை சேர்க்கப்பட்டிருக்கிறது. மற்றையது, நான் அவர் கையில் காசாகக் கொடுத்த 300 பவுண் அதில் எங்கும் காணப்படவில்லை. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆனால் அன்று இரவு "300 கிடைச்சது தம்பி, மிச்சத்தையும் கெதியாப் பாரும்" என்று வாட்சப்பில் எழுதியிருக்கிறார். இவை தவிர, பிள்ளைகளின் அறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருப்பதைப் பற்றிப் பல தடவை அறிவித்தும் திருத்தித் தரவில்லை.

திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியேறினால் வழக்கு தானாக முடிந்துவிடும் என்கிறார் ஓர் உறவினர். படிவத்துக்குப் பதில் எழுதினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், பேசாமல் இருப்பதே நல்லது என்கிறார் இன்னொருவர். எது சரி?

தமயந்தி:

வணக்கம் தம்பி. வீட்டு வாடகைப் பிரச்சினைகளுக்கான ஆலோசனை நிலையமொன்றில் தொண்டராக வேலை செய்கிறேன், சட்டத்தரணி அல்ல. உங்கள் உறவினர்கள் இருவர் சொன்னதையும் ஏற்க வேண்டாம்.

முதலில் அட்டவணைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் 8ஆம் காரணம், அதாவது பெருமளவு வாடகை நிலுவை, கட்டாயக் காரணம். அது நிரூபிக்கப்பட்டால், உங்கள் குடும்ப நிலைமை எவ்வளவு இரங்கத்தக்கதாக இருந்தாலும், நீதிபதி வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும் கட்டளையை வழங்கியே ஆக வேண்டும். 10ஆம், 11ஆம் காரணங்கள் அப்படியல்ல. ஏதோ ஒரு தொகை நிலுவையில் இருப்பது 10. நிலுவை இப்போது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடர்ந்து பிந்திக் கட்டி வந்திருப்பது 11. இவை இரண்டிலும் வெளியேற்றுவது நியாயமானதா என்பதை நீதிபதி தம் விருப்புரிமைப்படி தீர்மானிக்கலாம். வழக்கை ஒத்திவைக்கலாம், தவணை முறையில் நிலுவையைக் கட்டும் நிபந்தனையோடு கட்டளையை இடைநிறுத்தியும் வைக்கலாம்.

2026 மே 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, மாத வாடகைக்கு இருப்பவர் விடயத்தில் 8ஆம் காரணம் நிறைவேறுவதற்குக் குறைந்தது மூன்று மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும்; அதற்கு முன்னர் இரண்டு மாதமாக இருந்தது. அறிவித்தல் காலமும் இரண்டு கிழமையிலிருந்து நான்கு கிழமையாகியிருக்கிறது. அந்த மூன்று மாத நிலுவை அறிவித்தல் கொடுத்த நாளிலும் இருக்க வேண்டும், விசாரணை நாளிலும் இருக்க வேண்டும். ஒரு நாளில் இருந்து மற்ற நாளில் இல்லையென்றால் 8ஆம் காரணம் நிற்காது.

உங்கள் வாடகையின் மூன்று மடங்கு 4,350 பவுண். அவர்கள் காட்டும் தொகை 4,610. அதில் கடிதக் கட்டணம் 140 பவுணை முதலில் கழியுங்கள். அது வாடகையே அல்ல. அதோடு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைக் கட்டணச் சட்டத்தின்படி, வாடகை 14 நாள் பிந்திய பிறகு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துக்கு மேல் 3 வீதம் வரையான வட்டியை மட்டுமே தாமதத்துக்காக அறவிடலாம், நினைவூட்டல் கடிதத்துக்குப் பணம் கேட்க முடியாது. கழித்தால் 4,470 மிஞ்சும். அது இன்னும் 4,350க்கு மேல்தான். ஆகவே அந்த 300 பவுண்தான் வழக்கைத் தீர்மானிக்கப் போகிறது: அது கணக்கில் சேர்ந்தால் உண்மையான நிலுவை 4,170, 8ஆம் காரணம் விழுந்துவிடும், சேராமல், விசாரணை நாளிலும் நிலுவை 4,350க்குக் குறையாமல் இருந்தால் நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடும்.

எனவே வாட்சப் செய்தியை, அனுப்பியவரின் பெயரும் இலக்கமும் திகதியும் தெரியும்படி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு சேர்த்துப் படம் பிடித்து அச்சிடுங்கள். அந்தக் காசை வங்கியிலிருந்து எடுத்திருந்தால் அந்த நாளின் வங்கிக்கூற்றும் வேண்டும். தொலைபேசியை நீதிபதியிடம் நீட்டிக் காட்டலாம் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். சாட்சிக் கூற்றாக எழுதி, விசாரணைக்குக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன் நீதிமன்றத்துக்கும் மறுதரப்புக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

அட்டவணை முழுவதையும் ஒருமுறை வரிவரியாகச் சரிபாருங்கள். நிலுவை தொடங்கிய திகதியிலிருந்து, அது இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதானால் வழக்குத் தொடங்கியதற்கு முந்திய இரண்டு வருடத்துக்கு, எந்தத் திகதியில் எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது, எவ்வளவு கட்டப்பட்டது, மொத்தம் எவ்வளவு என்று வழக்காளி காட்ட வேண்டும் என்பது நீதிமன்ற விதி. உங்கள் வங்கிக்கூற்றை எடுத்து ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பக்கத்தில் பென்சிலால் அடையாளமிட்டுப் பாருங்கள். வேறு விடுபடல்களும் வெளிவரக்கூடும். யூனிவர்சல் கிரெடிட்டில் வீட்டு வாடகைக்காக உங்களுக்கு உரித்தான தொகை இன்னும் கைக்கு வராத காரணத்தால் மட்டும் கட்டாமல் இருந்த பகுதி ஏதும் இருந்தால், 8ஆம் காரணத்துக்கான கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்றும் புதிய சட்டம் சொல்கிறது. அறிவித்தல் கொடுத்த நாளில் அப்படி ஏதும் வரவேண்டியிருந்ததா என்பதை உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் பாருங்கள்.

பதில் எழுதினால் கடனை ஒப்புக்கொண்டதாகாது. என்-11ஆர் படிவத்தில் ஒப்புக்கொள்ளும் தொகை எது, மறுக்கும் தொகை எது என்று பிரித்து எழுதவே இடமிருக்கிறது; உங்கள் வருமானம், செலவு, மாதம் எவ்வளவு கூடுதலாகக் கட்ட முடியும் என்பதையும் அதிலேயே கேட்பார்கள். ஆவணங்கள் கிடைத்து 14 நாட்களுக்குள் அனுப்புங்கள். பிந்திவிட்டாலும் அனுப்புங்கள், விசாரணைக்கும் போங்கள். இவ்வகை வழக்கில் பதில் வரவில்லை என்பதற்காக மட்டும் விசாரணையின்றித் தீர்ப்பளிக்க மாட்டார்கள். போகாவிட்டால் அட்டவணையில் உள்ள தொகைதான் உண்மை என்று கொள்ளப்படக்கூடும்.

வைப்புப்பணம் கொடுத்திருக்கிறீர்களா? அது எந்தப் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கிறது என்று தெரியுமா?

மேல்மாடி:

நான் மறுபக்கத்தில் இருப்பவன். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை வராத மாதமும் வங்கிக்கு வீட்டுக் கடன் தவணை போய்த்தான் ஆகும். அந்தக் கோணத்திலிருந்து இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

தமயந்தி அக்கா சொன்ன கணக்கு சரியானது. இருந்தாலும் 8ஆம் காரணம் விழுந்தால் கடனும் விழுந்துவிடும் என்று கடலோடி நினைத்துவிடக் கூடாது. 4,170 பவுண் அப்படியே இருக்கிறது, 10ஆம் காரணமும் இருக்கிறது. ஊர்க்காரர் என்பதால் நேரில் கதைக்க இருவருக்கும் கூச்சமாக இருக்கலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் அதுவே பாதிப் பிரச்சினை. நீங்கள் நடப்பு வாடகையோடு சேர்த்து ஒவ்வொரு மாதமும் ஒரு குறித்த தொகையை, உதாரணமாக 150 பவுணை, நிலையான வங்கிக் கட்டளை மூலம் செலுத்துவதாக எழுத்தில் முன்மொழிந்து, விசாரணைக்கு முன்பே முதல் தவணையையும் கட்டிவிட்டால், என்னைப் போன்ற ஒருவர் அதை ஏற்கவே விரும்புவார். புதிய குடித்தனக்காரரைத் தேடும்வரை வீடு வெறுமையாகக் கிடப்பதும் எங்களுக்கு நட்டம்தான். கட்ட முடியாத பெரிய தொகையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் மாதமே அது முறிந்தால் அதன் பிறகு உங்கள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள்.

இனிமேல் கையில் காசு கொடுக்க வேண்டாம். அவர் கேட்டாலும் வங்கி மூலமே அனுப்புங்கள்.

பூஞ்சண விடயத்தில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. வாடகை கட்டத் தவறியவர்கள் பலர் வழக்கு வந்த பிறகே சுவரைப் பார்க்கிறார்கள். உங்கள் விடயம் அப்படியல்ல என்றால், முன்னரே அறிவித்ததற்கான ஆதாரத்தைத் திகதியோடு வையுங்கள். இல்லையென்றால் அதைப் பெரிதாக்காமல் விடுவது உங்களுக்கே நல்லது.

தமயந்தி:

மேல்மாடி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆதாரமில்லாத முறைப்பாடு வழக்கைப் பலவீனப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் திருத்தி வைத்திருக்கும் கடமை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி உரிமையாளருடையது. வீடு மனிதர் வசிக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்பதை 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு சேர்த்தது. அறிவித்தும் நியாயமான காலத்துக்குள் திருத்தவில்லை என்றால் அதற்கான இழப்பீட்டை எதிர்க்கோரிக்கையாக முன்வைக்கலாம். நீதிமன்றம் வழங்கும் இழப்பீடு நிலுவையிலிருந்து கழிக்கப்படும் என்பதால், மூன்று மாத எல்லைக்கு அருகில் நிற்கும் உங்களைப் போன்றவருக்கு அது சிறிய விடயமல்ல. பத்து நிமிடத்தில் முடித்துவிட முடியாத தகராறு என்று கண்டால் நீதிபதி வழக்கை ஒத்திவைத்து இருதரப்பிடமும் சான்றுகளைக் கேட்பார். பூஞ்சணம் சுவருக்குள் ஈரம் ஊறி வந்ததா, காற்றோட்டமில்லாமல் வந்ததா என்பதில்தான் வாதம் நடக்கும். எதிர்க்கோரிக்கையை ஒரு சட்டத்தரணி பார்க்காமல் நீங்களாக எழுத வேண்டாம்.

அதற்குப் பணம் வேண்டாம். வீடிழப்பைத் தடுக்கும் சட்ட ஆலோசனைச் சேவை 2023 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இயங்குகிறது. வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் எழுத்து மூலமான அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்தே, உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அதில் இலவச ஆலோசனை பெறலாம். விசாரணை நாளில் நீதிமன்றத்திலேயே ஒரு கடமைச் சட்டத்தரணி உங்களுக்காகப் பேசுவார். அந்த நாள் காலைவரை காத்திருந்தால் உங்கள் கதையைக் கேட்க அவருக்குக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. இந்தக் கிழமையே ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்புகள் மூலம் உங்கள் பகுதியில் அச்சேவையை யார் வழங்குகிறார் என்று கேளுங்கள்.

வைப்புப்பணம் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லையே?

கடலோடி:

மன்னிக்கவும் அக்கா, வேலைக்குப் போய்விட்டு இப்போதுதான் பார்த்தேன். குடிவந்தபோது 1,600 பவுண் வைப்புப்பணமாக வங்கி மூலம் அனுப்பினேன்; அதற்கான கூற்று இருக்கிறது. எந்தத் திட்டத்திலிருந்தும் சான்றிதழோ மின்னஞ்சலோ வந்ததாக நினைவில்லை. பூஞ்சணத்தின் படங்களோடு அவருக்கு அனுப்பிய செய்திகள் நிலுவை தொடங்குவதற்கு முந்திய திகதியில் இருக்கின்றன.

உறவினர் சொன்னபடி வெளியேறுவது பற்றி நீங்கள் விரிவாகச் சொல்லவில்லை. மனைவிக்கு நீதிமன்றம் என்றாலே பயமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் வேலைத்தலத்தில் சமாளிப்பேன். நீதிபதி முன் பேசும் அளவுக்கு நம்பிக்கை இல்லை.

தமயந்தி:

வைப்புப்பணம் கிடைத்து 30 நாட்களுக்குள் அதை அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாத்து, அதன் விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தந்திருக்க வேண்டும். மூன்று திட்டங்களின் இணையத்தளங்களிலும் அஞ்சல் குறியீட்டையும் பெயரையும் இட்டுத் தேடலாம், இன்றிரவே தேடுங்கள். எங்கும் இல்லையென்றால் நிலைமை வெகுவாக மாறும். வைப்புப்பணத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரையான தொகையை உங்களுக்குக் கொடுக்கும்படி 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் கட்டளையிடலாம், அதையும் எதிர்க்கோரிக்கையில் சேர்க்கலாம். மேலும் 2026 மே மாதத்துக்குப் பிந்திய விதிகளின்படி, சமூக விரோத நடத்தை போன்ற ஓரிரு காரணங்களைத் தவிர, வைப்புப்பணம் முறைப்படி பாதுகாக்கப்படாமலும் திருப்பிக் கொடுக்கப்படாமலும் இருக்கும்போது வீட்டை ஒப்படைக்கும் கட்டளையை வழங்க முடியாது. விசாரணைக்கு முன் அவர் அதைச் சரிசெய்துவிடக்கூடும் என்பதால், திட்டங்களில் இல்லை என்று காட்டும் தேடல் முடிவைத் திகதியோடு இப்போதே சேமித்து வையுங்கள்.

திறப்பைக் கொடுக்க வேண்டாம். வெளியேறினாலும் நிலுவைக்கான பண வழக்கு அப்படியே தொடரும். அதைவிட மோசமானது, கட்டளை வருவதற்கு முன் நீங்களாகவே வெளியேறிவிட்டு வீட்டு உதவி கேட்டு உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் போனால், இருக்கக்கூடிய வீட்டை வேண்டுமென்றே விட்டு வந்தவர் என்று அவர்கள் முடிவெடுக்க இடமுண்டு. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கிடைக்கவேண்டிய உதவி அதனால் தடைப்படலாம். இப்போதே கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவுக்கு வழக்கு ஆவணங்களோடு அறிவித்து வையுங்கள்.

நடக்கக்கூடிய மிக மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். 8ஆம் காரணம் நிரூபிக்கப்பட்டு வெளியேறும் கட்டளை வந்தால் பொதுவாக 14 நாள் தரப்படும். மிகுந்த கஷ்டம் ஏற்படும் என்று காட்டினால் ஆறு கிழமை வரை நீட்டலாம், அதற்கு மேல் முடியாது. அந்த நாள் கடந்த பிறகும் உரிமையாளர் தானே வந்து பூட்டை மாற்ற முடியாது. நீதிமன்றத்திடம் வெளியேற்றத்தை நிறைவேற்றும் ஆணையைப் பெற்று, நீதிமன்ற அலுவலர்கள் முன்னறிவித்தல் தந்த பிறகே வெளியேற்றலாம். இடையில் தானாகவே வெளியேற்ற முயன்றால் அது 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்.

மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை வழக்கு இலக்கத்தைக் குறிப்பிட்டு நீதிமன்றத்துக்கு இன்றே எழுதுங்கள், என்-11ஆர் படிவத்தோடும் அதைச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். மனைவிக்குச் சொல்லுங்கள்: இது குற்றவியல் வழக்கு அல்ல, பெரும்பாலும் மேசையொன்றைச் சுற்றி இருந்து கதைக்கும் சிறிய அறைதான், யாரையும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அவருடைய பெயரும் இருந்தால் அவரும் எதிராளிதான். இருவரும் போவது நல்லது.

செவ்வந்தி:

இங்கே வாசிப்பவர்களில் வீட்டை ஏற்கெனவே விட்டு வந்தவர்களும் இருக்கலாம் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அவர்களுக்கு வருவது வீட்டுக்கான வழக்கு அல்ல, பணத்துக்கான கோரிக்கை மட்டுமே. அதன் விதிகள் வேறு. 14 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால், விசாரணையே இல்லாமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்புப் பதிவாகலாம். கோரிக்கை கிடைத்ததை மட்டும் உறுதிப்படுத்தி அனுப்பினால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டினால் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும், இல்லையென்றால் ஆறு வருடம் கடன் வரலாற்றில் நின்று புதிய வீடு எடுக்கும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கும். பழைய முகவரிக்கே ஆவணங்கள் போவது வழமை. வெளியேறும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அஞ்சலைத் திருப்பியனுப்பும் சேவையையும் எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்துக்குப் பிணை நின்ற உறவினர் இருந்தால் அவருக்கும் அதே கோரிக்கை போகலாம் என்பதால், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடலோடி:

தேடிப் பார்த்தேன், மூன்று திட்டங்களிலும் என் பெயரில் எதுவும் இல்லை. பக்கங்களைத் திகதியோடு சேமித்திருக்கிறேன். ஷெல்டரில் கதைத்ததில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், வியாழக்கிழமை சந்திப்பு. நடப்பு வாடகையோடு 150 பவுண் சேர்த்துக் கட்டும் முன்மொழிவை உரிமையாளருக்கு இன்றே அனுப்பவா, அல்லது சட்டத்தரணி பார்க்கும்வரை பொறுக்கவா?

தமயந்தி:

பணத்தை வழமைபோல் கட்டுங்கள், கூடுதலாகக் கட்ட முடிந்ததையும் "வாடகை நிலுவை" என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. எழுத்து மூலமான முன்மொழிவை மட்டும் வியாழன் வரை நிறுத்தி வையுங்கள், ஏனெனில் 4,610 பவுணும் சரி என்று ஏற்பதுபோல் ஒரு வாக்கியம் அதில் தவறுதலாக விழுந்தால் பிறகு அதை மறுப்பது கடினம். அவர் உடன்பட்டாலும் விசாரணை ரத்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நீதிமன்றத்திடமிருந்து எழுத்தில் அறிவிப்பு வரும்வரை அந்த நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.